குருணை மருந்துக்குத் தடையா, இல்லையா?

கேள்வி: கார்போஃபியூரான் என்ற பூச்சி மருந்தைத் தடை செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் உரக்கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே, எப்படி?

இரண்டும் உண்மைதான். மத்திய அரசின் 2023 உத்தரவு 3 சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்து, மற்ற வடிவங்களை நிறுத்தியது. கார்போஃபியூரானைப் போலவே கார்பமேட் வகைப் பூச்சி மருந்தான மெத்தோமைல் அதே உத்தரவில் அடியோடு போனது. குருணையையும் பாக்கெட்டில் அச்சடித்த பயிருக்குத்தான் போடலாம். அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்!

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு ஏத்தன் வாழை. கன்று வைக்கும்போது கிழங்கைச் சீவி, சேற்றுக் குழம்பில் முக்கி, 40 கிராம் குருணையைத் தூவுவோம். வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கும் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கும் அதுதான் மருந்து. அதில் விஷம் 1.2 கிராம்தான். "மூணு சதவீதம்தானே" என்ற அலட்சியம் அங்கேதான் வரும்.

பத்தாவது பரீட்சை லீவில் ஒரு காலை முழுக்க வெறுங்கையால் தூவினேன். நடுவில் சித்தப்பா நுங்கு வெட்டித் தந்தார். அந்தக் கட்டைவிரலாலேயே நோண்டித் தின்றேன். கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது, கண் மங்கியது, வரப்பிலேயே வாந்தி. வெயில் என்றார் சித்தப்பா. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்ததாம். "என்ன மருந்துடே வச்ச?" என்றுதான் முதலில் கேட்டார். அட்ரோபின் ஊசி போட்டு, மறுநாள் எழுந்துவிட்டேன். கார்பமேட் நரம்பு நொதியைப் பிடித்தாலும் ஒரு நாளுக்குள் தானாக விட்டுவிடும். அளவு கூடியிருந்தால் அதுவரை மூச்சு தாங்காது.

வீடு திரும்பினால், வாழைக்குழி ஓரம் மூன்று மைனா செத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். தானியம் என்று கொத்தியிருக்கும். அமெரிக்காவில் பறவைகள் செத்ததால் 1990களில் முதலில் முடக்கியதே குருணையைத்தான். உணவுப் பயிர்களுக்கு முழுத்தடை 2009-ல் வந்தது. நாம் நேர்மாறாக, குருணையை மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் தார்கள் லாரி ஏறிப் போகும் கேரளாவில் 2011-லேயே தடை.

நான் இப்போது வாங்குவதில்லை. குழிக்கு வேப்பம்புண்ணாக்கு, ஊடே கேந்தி (செண்டுமல்லி). கூன்வண்டுக்கு வாழைத்தண்டைப் பிளந்து கவிழ்த்து வைத்தால் ராத்திரி வந்து அடையும், காலையில் பொறுக்கிவிடலாம். நூற்புழு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு வருடம் தார் சிறுத்துத்தான் போனது, சித்தப்பா இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

போட்டே ஆகவேண்டும் என்றால் கையுறை போடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். தலை சுற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.