நாற்பது நாள் விசுவாசி

கேள்வி:

எனக்கு 42 வயது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்களில் நான் வேறு ஆளாக இருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம், முழங்கால் ஜெபம், யோவான் சுவிசேஷத்தில் தினமும் அரை அதிகாரம். பெரிய வெள்ளி ஆராதனையில் அழுதேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன். அன்றோடு சரி. ஆறு மாதமாக என் வேதாகமத்தின் சிவப்பு நாடா 20-ஆம் அதிகாரத்திலேயே கிடக்கிறது.

போன வாரம் என் மகள், "அப்பா, ஜெபம் லெந்துக்கு மட்டும்தானா?" என்றாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில், பக்தி வெதுவெதுப்பாகிப்போன லவோதிக்கேயா சபைக்குச் சொன்ன "குளிருமின்றி அனலுமின்றி" என்பது எனக்குத்தான் என்று தோன்றுகிறது. ஆலயத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. நான் வேஷக்காரனா?

பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வேஷக்காரருக்கு இந்தக் கூச்சம் வராது. நாற்பது நாளும் உங்களுக்குத் துணையாக ஒரு கால அட்டவணை இருந்தது, கூடவே ஜெபிக்கிறவர்கள் இருந்தார்கள், முடியும் தேதியும் தெரிந்திருந்தது. அந்தத் தேதி வந்ததும் 'முடித்துவிட்டேன்' என்று மனம் கணக்கை மூடிவிட்டது. இதில் கபடம் ஏதுமில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் பதிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, அந்தத் திங்கட்கிழமைத் தூக்கம் உங்களைக் கெடுக்கவில்லை. 'சரி, நான் இவ்வளவுதான்' என்று செவ்வாய்க்கிழமை நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்புதான் கெடுத்தது.

கண்ணீரை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, பல ஆண்டுகளாக உள்ளுக்குள் வறட்சியோடுதான் அவர் ஜெபித்தார் என்று தெரிந்தது. (தூக்கம், பசி, வேலை எல்லாவற்றிலுமே நாட்டம் போயிருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள்.)

ஐந்து மணி அலாரம் வேண்டாம். தினமும் தவறாமல் செய்கிற ஒன்றின் பின்னால் ஜெபத்தை ஒட்டிவையுங்கள். பல் துலக்கியதும் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

லவோதிக்கேயாவுக்கு எழுதிய அதே கடிதத்தில், நான்கு வசனம் தள்ளி, "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்று வருகிறது. நீங்கள் அதுவரை படிக்கவில்லை. நாடா கிடக்கிற இடத்துக்கு அடுத்த அதிகாரத்தையும் படிக்கவில்லை. அதில், உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் பார்த்த சீடர் பேதுருவே தன் பழைய தொழிலுக்கு, மீன்பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். இரவெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை. விடிந்தபோது இயேசு கரையில் நிற்கிறார். ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்கவே இல்லை. என்னை நேசிக்கிறாயா என்றுதான் மூன்று தரம் கேட்டார்.

மகளுக்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள். "அப்பா விட்டுவிட்டேன்மா, திரும்பத் தொடங்கப் போகிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். 21-ஆம் அதிகாரத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.