ஓய்வூதியமா, சொந்த வீடா?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தினர் கேட்டவற்றுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அளித்த விடைகள்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறேன். வயது 39. மாதம் ஐந்நூறு ரூபாய் மிஞ்சுகிறது. வீட்டுக்குச் சேர்ப்பதா, ஓய்வூதியத்துக்கா?

பதில்: முதலில் ஓய்வூதியம்தான், அம்மா. வீட்டுக்கு எந்த வயதிலும் சேர்க்கலாம். ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தின் கதவு 40 வயதோடு அடைபடுகிறது. மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாமலும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாமலும் இருந்தால் அதில் சேரலாம். 40 வயதில் சேருபவரே மாதம் 200 ரூபாய்தான் கட்டுகிறார். அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்தி, 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தருகிறது. இருபது ஆண்டுகள் கழித்து அந்த மூவாயிரத்தின் மதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும், கை ஓய்ந்த காலத்தில் மருந்துக்கும் அரிசிக்கும் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருக்க அது உதவும். மீதி முந்நூறை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள்.

கேள்வி: சிப்காட்டில் ஒப்பந்த வேலை. பி.எஃப். பணத்தை எடுத்து மனை வாங்கலாமா?

பதில்: பி.எஃப். கணக்கிலிருந்து வீட்டுக்காக முன்பணம் எடுக்க விதிகளில் இடமுண்டு. ஓய்வூதியக் கணக்கு தனியானது என்பதால் அது குறையாது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பலர் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. எடுத்துவிட்டால் அதுவரையிலான காலம் கணக்கில் வராது, தம்பி. கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குறிஞ்சிப்பாடி அருகே கிராமத்தில் பட்டா மனையில் குடிசை. எதற்கு முதலிடம்?

பதில்: உங்களுக்கு மட்டும் கூரைதான் முதலில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்துக் குடிசைகளை என்ன செய்தது என்பதை நேரில் கண்டவன் நான். ஒவ்வொரு புயலுக்கும் கீற்று மாற்றும் குடும்பத்தால் எதையும் சேமிக்க இயலாது. ஊராட்சி அலுவலகத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் பற்றிக் கேளுங்கள்; 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள்.

கேள்வி: புதுச்சேரியில் கடைச் சம்பளம் 12,000 ரூபாய். 5 லட்சம் வீட்டுக்கடன் வாங்கலாமா?

பதில்: 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 4,500 ரூபாய் வரும். வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாதவரை வேண்டாம்.