கொரோல்லா 110 ஸ்டியரிங் வீல் கையில் ஒட்டுகிறது: பாவித்தது வாங்குவதா, தோல் சுற்றுவதா?

கேள்வி இதுதான்: 1997 கொரோல்லா 110, உப்புவெளியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது, வீலின் மேற்பாதி பிசுபிசுத்துக் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த வீல் ஒன்று எடுப்பதா, திருகோணமலையிலேயே சரிசெய்வதா?

சரிசெய்யுங்கள். பஞ்சிகாவத்தையில் கிடைப்பதும் ஏறக்குறைய அதே வயது வீல்தான். இந்த வகை வீலில் உலோக வளையத்தின்மேல் பொலியூரித்தேன் நுரை வார்த்திருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பொலியூரித்தேன் மெல்ல மெல்லச் சிதைந்து பசையாகிவிடும். வியர்வையும் கை எண்ணெயும் அதை இன்னும் விரைவாக்கும். கடற்காற்றும் கச்சான் வெயிலும் மாறி மாறிப் படும் ஊரில், கடையில் பளபளவென்று தெரிந்த வீலும் அதே கதிக்கு வரும். வளையம் வளைந்திருந்தால், அல்லது நுரை பிளந்து உலோகம் வெளியே தெரிந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பருத்தித் துணியில் நனைத்து, துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். தின்னர், அசிற்றோன் வேண்டாம். அவை நுரையையே கரைக்கும். காய்ந்த பிறகு கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் உடனே மறைந்தால் கெட்டது மேல்தோல் மட்டும்தான். தடம் அப்படியே நின்றால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும் பொலியூரித்தேன் சீலன்றால் நிரப்பி, 240 சாண்ட்பேப்பரால் மட்டமாக்குங்கள். காரின் தகர உடல் வேலைக்குப் பூசும் புட்டி இதற்குச் சரிவராது, வெடித்துவிடும்.

அதன்மேல் தோல் சுற்றித் தைப்பதுதான் நிற்கும் வேலை. குஷன் கடையில் பெரும்பாலும் ரெக்சின் போடலாம் என்பார்கள். மறுத்துவிடுங்கள். காரணம் எளிய கணக்கு. வீலின் வெளிவிட்டம் 37 சென்ரிமீற்றர் என்றால் வெளிச்சுற்று 116. பிடியின் தடிப்பு 3 சென்ரிமீற்றர் என்றால் உட்சுற்று 97தான். ஒரே பட்டி வெளியே 116ஐ மூடி, உள்ளே 97க்குள் அடங்க வேண்டும். மெல்லிய குரோம் பதனிட்ட தோல் இழுத்தால் நீண்டு, சூடு காட்டினால் சுருங்கி அடங்கும். ரெக்சினின் பின்னால் துணி இருப்பதால் அது மடிப்பு மடிப்பாக நிற்கும்.

தோல் 1 முதல் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு போதும். வீலைப் பொலித்தீனால் சுற்றி, மேலே மாஸ்கிங் ரேப் ஒட்டி, உட்பக்கக் கோட்டில் வெட்டி உரித்தால் அளவு அச்சாகக் கிடைக்கும். ஸ்போக் வரும் இடங்களும் அதிலேயே பதிந்திருக்கும். அந்த அச்சைவிட அகலத்தில் 4 மில்லிமீற்றர், நீளத்தில் 2 சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். அச்சளவுக்கே வெட்டினால் தோல் தளர்ந்து, பிடியில் சுழலும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீற்றர் உள்ளே, 5 மில்லிமீற்றருக்கு ஒரு துளை. இரு பக்கத்திலும் துளை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். நூல் 0.8 மில்லிமீற்றர் மெழுகிட்ட பொலியெஸ்ரர், 6 மீற்றர் எடுத்து வையுங்கள். பட்டியின் இரு முனையும் சேரும் மூட்டு கீழ் ஸ்போக்கின் பின்னால் வரட்டும். பசையை ஸ்போக் ஓரங்களில் மட்டும் தடவுங்கள். மூடிய காருக்குள் வெயில் ஏறினால் செருப்புப் பசை இளகும்; பிடிப்பைத் தையல்தான் தர வேண்டும். தைத்து முடிந்ததும் ஹெயார் டிரையரால் சூடு காட்டினால் சின்னச் சுருக்கங்கள் போய்விடும்.

வீலைக் கழற்றாமலும் தைக்கலாம், ஆனால் ஸ்போக் ஓரம் சுத்தமாக வராது. கழற்றுவதென்றால் முன்சில்லுகளை நேராக்கி, பற்றறியின் மறை (−) முனையைக் கழற்றி, குறைந்தது 90 செக்கன் பொறுங்கள். நடுவில் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருந்தால் எயார்பேக் உண்டு. பக்கவாட்டில் உள்ள இரண்டு டோர்க்ஸ் 30 (நட்சத்திரத் தலை) ஸ்குரூவைத் தளர்த்தி, மஞ்சள் கனெக்டரை எடுத்து, எயார்பேக்கை முகம் மேலே பார்க்க வையுங்கள். மல்ரிமீற்றரை அதில் வைக்கவே வேண்டாம். பிறகு 19 மில்லிமீற்றர் நட். அதை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்தால் வீல் முகத்தில் வந்து அடிக்காது. வரவில்லையென்று சுத்தியலால் தட்டக்கூடாது. மோதும்போது மடங்குவதற்காக ஸ்டியரிங் கொலமுக்குள் (தண்டைச் சுற்றிய குழாய்க்குள்) வைத்த பாகங்கள் உடையும். எம்8 போல்ற் இரண்டு போட்டுப் புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவியால்) இழுங்கள்.

கழற்றும் முன் ஸ்டியரிங் தண்டிலும் வீலிலும் மாக்கரால் ஒரே கோடு போடுங்கள். தண்டில் 36 பல். ஒரு பல் தவறினாலும் வீல் 10 பாகை சாய்ந்து நிற்கும். வீல் வெளியே இருக்கும்போது எயார்பேக்கின் சுருள் கேபிளை ரேப் ஒட்டி அசையாமல் வையுங்கள். அசைந்துவிட்டால் இடப்பக்கம் இறுகும்வரை மெல்லத் திருப்பி, பிறகு வலப்பக்கம் சுமார் 3 சுற்றுத் திருப்பிச் சிவப்புக் குறியை நேராக்குங்கள். நடுவில் இல்லாத கேபிள் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துபோகலாம். அறுந்தால் ஹோர்னும் போய்விடும். நட்டை 35 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். பற்றறியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினால் எஸ்ஆர்எஸ் விளக்கு 6 செக்கன் அளவில் எரிந்து அணைய வேண்டும்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் கடின வீலுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே வெடிப்பை வி வடிவில் அகலமாக்கி, உள்ளே இரும்பின் துருவைத் தேய்த்து, இரு கலவை எப்பொக்சி நிரப்பி, ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்து, ஹார்ட்னர் கலந்த 2கே பெயின்ற் அடிக்க வேண்டும். அதைக் கச்சான் காற்றில் வெளியே வைத்து அடித்தால் மணல் ஒட்டும். கதவு சாத்திய அறை வேண்டும்.

புதுத் தோலுக்கு ரயர் பொலிஷ் பூசாதீர்கள். அதிலுள்ள சிலிக்கன் கையை வழுக்கும். பின்னர் சாயம் பூச நினைத்தாலும் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்து, நிறுத்தும்போது வீல்மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டால் போதும்.