கடல் இல்லாமற்போகும் என்றால் படகை விற்க வேண்டுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சில மாதங்களாக ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய்வருகிறார். வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று இருப்பதால் கடலுக்கு முடிவு நெருங்கிவிட்டது, மீனவர் அடையாள அட்டைக்கு விரல்ரேகை கொடுப்பது அதே நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் 666 முத்திரையை வாங்குவதற்குச் சமம் என்று அங்கே சொல்கிறார்களாம். அவர் அட்டை எடுக்க மறுக்கிறார். படகையே விற்றுவிடலாம் என்கிறார். "இந்த வசனங்களை எப்படிப் படிப்பது, அவரிடம் என்ன சொல்வது?" என்பது கேள்வி.

அன்புச் சகோதரி, படகை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ராமேஸ்வரம் தீவில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்கிறீர்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்கிறீர்கள். வெளியூர்க்காரருக்கு அது விளங்காது. உங்களுக்கோ அந்த ஒரு சொல்லிலேயே அலையின் குணம் தெரிந்துவிடும். வேதத்தின் அடையாளமொழியும் அப்படித்தான். யார் பேசினார், யார் கேட்டார் என்று தெரிந்தால் பாதி பொருள் வந்துவிடும். வெளிப்படுத்தின விசேஷம், யோவான் பத்மு தீவில் இருந்தபோது கண்ட தரிசனம். கி.பி. 95 வாக்கில், ரோமப் பேரரசன் தொமித்தியன் காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலான ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்டது. அந்த ஊர்கள் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்தவை. அந்தச் சபையார் காதில் "கடல்" என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்?

பயமாக விழுந்திருக்கும். தானியேல் 7இல் நான்கு மிருகங்கள் கடலிலிருந்துதான் ஏறிவருகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 13இலும் மிருகம் கடலிலிருந்து எழும்புகிறது. ரோமாபுரியின் படையும் வரிகாரரும் அவர்களிடம் வந்தது கடல்வழியே. 18ஆம் அதிகாரத்தில் அந்த நகரத்துக்குப் போகும் சரக்குப் பட்டியல் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். பொன், வெள்ளி, முத்து என்று தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் போய் முடிகிறது. (அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடா முத்தும் ரோமாபுரிச் சந்தைக்குப் போனது.) அவர்களுக்குக் கடல் என்றால் மனிதரை விழுங்கும் சக்தி.

இப்போது 21:1ஐத் தனியாகப் படிக்காமல் 20:13இலிருந்து படியுங்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று அங்கே இருக்கிறது. முதலில் கடல் தான் எடுத்துக்கொண்டவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கப்புறம்தான் கடல் இல்லாமற்போகிறது. உடனே 21:4இல் கண்ணீர் துடைக்கப்படுகிறது, மரணம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடலை நினைத்துப் பாருங்கள். தொழிலுக்குப் போய் உடல்கூடக் கரை சேராத வீடுகள் உங்கள் கரையில் எத்தனை! அந்த வீடுகளுக்குச் சொன்ன ஆறுதல் இந்த வசனம். பிழைப்பைப் பிடுங்கும் மிரட்டலாக அதைத் திருப்புவதைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

666க்கு வருவோம். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் இருந்தன. நமக்கு இது புதிதல்ல. ஔவையார் பாட்டில் வரும் "எட்டேகால் லட்சணமே" என்ற வசவில், பழைய தமிழ் எண் குறிகளின்படி எட்டு என்றால் அ, கால் என்றால் வ, சேர்த்தால் அவலட்சணம். "நீரோன் கேசர்", அதாவது பேரரசன் நீரோ, என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. கடைசி 'ன்' இல்லாமல் 'நீரோ' என்று எழுதினால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. ஆகவே தொமித்தியனுக்கு முன்பே சபைகளைத் துன்புறுத்திய பேரரசன் நீரோவையே எண் குறிக்கிறது என்று ஆய்வாளர்களில் மிகப் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே வாசிக்கிறேன். முத்திரையோ யாரை வணங்குகிறோம் என்பதன் அடையாளம். 14:9 அதை மிருகத்தை வணங்குவதோடு சேர்த்தே சொல்கிறது. 14:1இல் தேவனுடைய நாமமும் நெற்றியில் எழுதப்பட்டிருக்கிறது, அதை யாரும் மையால் எழுதியதாக நினைப்பதில்லை. மீனவர் அட்டை உங்கள் கணவரிடம் பெயரையும் ரேகையையும் கேட்கிறது. வணக்கத்தைக் கேட்கவில்லை.

இவையெல்லாம் இனி நடக்கப்போகிறவை என்று வாசிக்கும் சபைகளும் உண்டு. அவர்களுக்கும் மத்தேயு 24:36 உண்டு, அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான். 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். அந்த நாள் மற்ற நாள்களைப் போலவே கடந்தது.

அவரோடு வாதாட வேண்டாம். அவருக்கு இருப்பது விசுவாசம், கூடவே பயம். அவர் மதிக்கும் பங்குத்தந்தையோ மூப்பரோ இருந்தால் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் ஒரு மாலையில் 2 தெசலோனிக்கேயர் 3:10 முதல் 12 வரை வாசியுங்கள். வேலையை விட்டுவிட்டுத் திரிந்தவர்களுக்குப் பவுல் எழுதியது அது. அப்புறம் எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது எரேமியா 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார், பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். கடைசியாக வெளிப்படுத்தின விசேஷம் 5:13. அங்கே கடலில் உள்ளவையெல்லாம் தேவனைத் துதிக்கின்றன. அதை மட்டும் அவரே சத்தமாக வாசிக்கட்டும்.