ஜென்ஷியன் நம்ம ஊரில் பூக்குமா? தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அக்கா, நீல ஜென்ஷியன் விதை வாங்கிப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா? (நாகர்கோவில்)

விதையைக் குறை சொல்லாதீர்கள். இது குளிர்தேசத்துச் செடி. ஈர மணலில் கலந்து சில வாரம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் விதையின் உறக்கம் கலையும். ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் ஊறவைப்பதும் உண்டு. தூசி மாதிரி விதை, முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மேலே மண் போட்டு மூடக் கூடாது. ஆனால் முளைத்தாலும் நாகர்கோவிலில் பூப்பதற்கு வழியில்லை. பனிக்காலத்தில் தண்டு காய்ந்துபோய், அடியில் இருக்கும் மொட்டு நல்ல குளிர் வாங்கிய பிறகுதான் மறுபடி கிளம்பும். நமக்கு அந்தக் குளிர் ஏது?

ஜப்பானில் ஜென்ஷியனை வயல் வயலாகப் போடுகிறார்களே? (தோவாளை)

அது இவாத்தே போன்ற பனி கொட்டும் வடபகுதிகளில். ட்ரைஃப்ளோரா, ஸ்காப்ரா என்ற இரண்டு இனங்களையும் கலந்து அருமையான ரகங்கள் எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது அதே குடும்பத்து லிசியாந்தஸ். டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துப் பூ, வெயில் ஓரளவு தாங்கும். ஆனால் பிச்சி, கேந்தி போல எடைக்குப் போகாது. தண்டோடு எண்ணி விற்க வேண்டும். அதனால் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர்களிடம் முதலில் பேசிவிட்டு நடுங்கள்.

எங்கள் செம்மண்ணில் லிசியாந்தஸ் வருமா? (குலசேகரம்)

உங்கள் செம்மண் போன்ற புளித்த (அமில) மண் ஜென்ஷியனுக்குப் பிடிக்கும், லிசியாந்தஸுக்கு ஆகாது. கார அமிலத்தன்மை (pH) 6.5க்குக் குறையாதபடி சுண்ணாம்பு சேருங்கள். ரப்பர் மரத்தடியில் வேண்டாம், நிழல் அதிகம். இன்னொன்று, நாற்றுப் பருவத்தில் சூடு பட்டால் இலை தரையோடு வட்டமாக ஒட்டிக்கொள்ளும், தண்டு எழும்பாது. அதனால் குளிர்ந்த ஊரில் வளர்த்த நாற்றாக வாங்குவதே புத்தி.

நானே புது நிறம் எடுக்க முடியுமா? (மார்த்தாண்டம்)

முடியும், கட்டாயம் செய்து பாருங்கள். லிசியாந்தஸில் மகரந்தப்பை முதலில் வெடிக்கும், மகரந்தத்தை வாங்கும் நுனியான சூலகமுடி சில நாள் கழித்துத்தான் இரண்டாக விரியும். மொட்டு அவிழும்போதே, வெடிக்கும் முன் ஐந்து மகரந்தப்பைகளையும் கிள்ளிவிட்டு, பூவைக் காகித உறையால் மூடுங்கள். சூலகமுடி விரிந்ததும் தகப்பன் செடியின் மகரந்தத்தைத் தடவி, மறக்காமல் சீட்டு கட்டுங்கள். காய் பழுத்துப் பழுப்பாகும்வரை பறிக்காதீர்கள். முதல் தலைமுறையில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். அவற்றைத் தமக்குள்ளேயே சேர்த்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறையில்தான் நிறங்கள் பிரிந்து வரும். அவசரப்பட்டுப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

இதே குடும்பத்து எக்சாக்கம் என்ற செடியில் முறை வேறு. அதன் மகரந்தப்பை வெடிக்காது, நுனியில் சின்னத் துளைதான். வண்டு ரீங்கரித்து உலுக்கினால்தான் தூள் கொட்டும். இசைக்கவையைத் தட்டி மகரந்தப்பையில் தொட்டால் கறுப்புத் தாளில் தூள் விழுவதை நீங்களே பார்க்கலாம். எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

மலையில் மலையாளத்தார் கண்ணாந்தளி என்கிற பூ நிற்கிறது. பிடுங்கி வரலாமா? (பேச்சிப்பாறை)

வேண்டவே வேண்டாம். அதுவும் எக்சாக்கம்தான், ஆனால் நம்ம மலையில் பெரும்பகுதி சரணாலயம். பிடுங்குவது குற்றம். வேர் அறுந்தால் பெரும்பாலும் பட்டுப்போகவும் செய்யும். தொட்டிக்கு வேண்டுமானால் சொகோத்ரா தீவிலிருந்து வந்த பெர்சியன் வயலட் வாங்குங்கள். நல்ல வாசனை. காலை வெயில் மட்டும் படும்படி வையுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

வெள்ளறுகும் இந்தக் குடும்பமா? (அஞ்சுகிராமம்)

ஆமாம். வாயில் வைத்தால் கசக்குமே, ஜென்ஷியன் வேரும் அப்படித்தான் கசக்கும்.