பர்பனுக்கு எந்தக் கிளாஸ்?

கேள்வி: பர்பன் (அமெரிக்க விஸ்கி) குடிக்க, வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ் வாங்கினேன். முகர்ந்தால் வெனிலா மணத்தைக் காணோம், மூக்குதான் எரிகிறது. கிளாஸ் சரியில்லையா?

பதில்: கிளாஸ் சரிதான். குறுகிய வாய் மணத்தோடு ஆல்கஹால் ஆவியையும் சேர்த்துக் குவிக்கும். பர்பனில் குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால். பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் கலக்காமல் அடைக்கும் 'பேரல் புரூஃப்' வகை சில 60-ஐயும் தாண்டும். கிளாஸின் வயிறு அகன்ற இடம்வரை, 30-45 மி.லி. மட்டும் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். அப்படியும் எரிந்தால் நாலைந்து சொட்டுத் தண்ணீர். (குலுக்கிச் சுழற்றுவது ஒயினுக்கு, இங்கே எரிச்சலைத்தான் கிளப்பும்.)

ஐஸ் போடுவதென்றால் அடி கனத்த, வாய் அகன்ற ராக்ஸ் கிளாஸ். கிளென்கெய்ர்னில் பெரிய கட்டி நுழையாது.