சாட்சி சம்மன் வந்திருக்கிறதா? யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: காசிமேட்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு கடை வாசலில் நடந்த அடிதடியைப் பார்த்தேன். அன்று போலீஸார் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. பாதி மறந்தே போய்விட்டது. மாற்றிச் சொன்னால் உன்னையே உள்ளே வைத்துவிடுவார்கள், பேசி முடித்துத் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் பணம் கேட்கிறார். நான் வக்கீல் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சாட்சிக்கு வக்கீல் தேவையில்லை. உங்களை அழைத்திருப்பது அரசுத் தரப்பு, அங்கே உங்களிடம் கேள்வி கேட்கப் போவது அரசு வழக்கறிஞர். அந்தத் 'தெரிந்தவரை' முதலில் கழற்றிவிடுங்கள். சம்மனை ரத்து செய்து தருகிறேன், ஏபிபி (உதவி அரசு வழக்கறிஞர்) என் ஆள், பெஞ்ச் கிளார்க்குக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்று பேசும் ஆட்கள் பாரிமுனையைச் சுற்றி எப்போதும் உண்டு. வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு ஃபைலும் இருந்தால் வக்கீல் என்று நம்பிவிடுகிறோம். சாட்சி சம்மனுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. சம்மன் வாட்ஸ்அப்பில் வந்து, கூடவே பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. சந்தேகம் இருந்தால் அதில் உள்ள வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகை ஆள் எதிரித் தரப்பிலிருந்து, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமிருந்து வருவார். 'சும்மா நம்ம வக்கீல் ரூமுக்கு வந்துட்டுப் போங்க' என்பார். போகாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், எழுத்தில் புகாரும் கொடுங்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018லேயே ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆனால் ஸ்டேஷனில் அதைப் பற்றி நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

சரி, மறதிக்கு வருவோம். மறந்தது குற்றமில்லை. தெரிந்தே பொய் சொல்வதுதான் குற்றம், அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். சட்டப்படி வாங்கவும் கூடாது. நீங்கள் போட்டது பெரும்பாலும் மகஜராக இருக்கும், அதாவது சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பற்றிய குறிப்பு. அங்கே என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள். பொருளை எடுக்கும்போது பார்க்காமல், பிறகு வந்து கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், 'கையெழுத்து என்னுடையது, எடுத்ததை நான் பார்க்கவில்லை' என்று சொல்லிவிடுங்கள். அரசுத் தரப்பு உங்களைப் பிறழ்சாட்சி, அதாவது சொன்னதிலிருந்து மாறிய சாட்சி, என்று சொல்லிக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதற்காக யாரும் உங்களை உள்ளே தள்ள மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம் வேறு. போலீஸில் சொன்னதோடு நிற்காமல், உங்களை மாஜிஸ்திரேட் முன்பு தனியாகக் கூட்டிப்போய், சத்தியம் வாங்கி, எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்களா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனில் எழுதியது அல்ல, கோர்ட்டில் நீதிபதியே பதிவு செய்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 164 வாக்குமூலம் என்பார்கள், புதிய சட்டத்தில் அது 183. அப்படிக் கொடுத்திருந்து, இப்போது நேர்மாறாகச் சொன்னால் பொய் சாட்சி நடவடிக்கை வர வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் மட்டும் உண்மையான வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். சாதாரண அடிதடி வழக்கில் பெரும்பாலும் இது நடந்திருக்காது.

அன்று காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும். கோர்ட் பெயரைச் சம்மனில் சரிபாருங்கள். ஐகோர்ட் வளாகத்தில் செஷன்ஸ் கோர்ட்டுகளும் இருப்பதால் பலர் அங்கே போய் நிற்கிறார்கள். உங்கள் ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வேலையைப் பார்க்கும் ஏட்டைப் பிடித்தால் அவர் அரசு வழக்கறிஞரிடம் கூட்டிப்போவார். கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததற்குத் தெரியாது, மறந்ததற்கு ஞாபகம் இல்லை. எதிரித் தரப்பு வக்கீல் 'நீங்கள் போலீஸுக்காகப் பொய் சொல்கிறீர்கள்' என்பார். அது அவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. 'தவறு' என்று சொல்லி நிறுத்துங்கள். கோபப்பட்டு நீட்டிப் பேசுவதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

அன்றே முடியும் என்று மட்டும் நம்பாதீர்கள். நீதிபதி லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு, புழல் சிறையிலிருந்து கைதியைக் கூட்டிவர எஸ்கார்ட் இல்லை, ஏதாவது ஒன்று வரும். வந்த சாட்சியைத் தகுந்த காரணமில்லாமல் விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டத்தில் அழகாக எழுதி வைத்திருக்கிறோம். தினமும் திருப்பி அனுப்புகிறோம். கடையைப் பூட்டிவிட்டு வந்தவரைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. ஆனாலும் அடுத்த வாய்தாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், போகாவிட்டால் வாரண்ட் வரும். தேதியை எழுதிக்கொண்டு கிளம்பும் முன் சாட்சிப் படியை, அதாவது வந்துபோகும் செலவுக்குத் தரும் பணத்தை, கேளுங்கள். சிறு தொகைதான். கேட்காவிட்டால் அதுவும் கிடைக்காது.